எட்டுப் புள்ளிகளும் ஒரு சுண்ணக்கட்டிக் கோடும்

இலக்கிய ஆர்வலர்கள் கூடும் இவ்விடத்தில் இரும்புக் கலன்களைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்னும் ஐயம் நமக்கே உண்டு. ஆயினும், எதிரே கிடக்கும் ஒரு பக்கத்தை எவ்வாறு படிப்பது, அதில் உள்ளதற்கு எவ்வாறு பொருள் கொள்வது என்பதைத்தானே நாம் இங்கே ஓயாமல் பேசி வருகிறோம்? இம்முறை அந்தப் பக்கம் செய்யுளன்று. கணினி அச்சிட்டுத் தந்த ஓர் எண் அட்டவணை. வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன் வருவார்களாக.

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். முதலாண்டுத் தமிழ் வகுப்பில் நம்மிடம் படித்தவர். இப்போது அழுத்தக் கலன்களை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் பணி. காப்பி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நெடுக்கும் குறுக்கும் எண்கள். கடைசியில் ஒரு வரி மட்டும் சிவப்பு நிறத்தில். "ஐயா, இந்தச் சிவப்பு போகாவிட்டால் வரைபடம் வெளியே போகாது. இந்தச் சுமையை எடை என்று போட்டிருக்கிறாய், வெப்ப விரிவு என்று மாற்றிப் போடு, பச்சையாகிவிடும் என்கிறார் மூத்தவர். மாற்றிப் போட்டேன். உண்மையிலேயே பச்சையாகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

எண் மாறவில்லை, எண்ணுக்கு இட்ட பெயர்தான் மாறியது. பெயர் மாறியதும் குற்றவாளி நிரபராதியாகிவிட்டார்! உரையாசிரியர்களோடு இருபது ஆண்டுகளாகப் பழகிவரும் நமக்கு இது வியப்பைத் தந்தது. ஒரே சொல்லுக்கு இடம் நோக்கிப் பொருள் கொள்வதை அறிவோம். ஒரே எண்ணுக்கும் அவ்வாறு இரு பொருள் உண்டா? உண்டென்றால் அந்த இலக்கணத்தை வகுத்தவர் யார்? மாணவர் சொன்னவற்றையும் பின்னர் நாமே தேடிப் படித்தவற்றையும் கொண்டு எழுதியதே இக்கட்டுரை.

முதலில் பொருளை அறிமுகம் செய்துவிடுவோம். நீராவி, எண்ணெய், வாயு முதலியவற்றை உயர்ந்த அழுத்தத்தில் அடைத்து வைக்கும் மூடிய பாத்திரமே அழுத்தக் கலன். உள்ளிருப்பது வெளியேறவும் வெளியிலிருப்பது உட்புகவும் அதன் உடலில் துளையிட்டு, குட்டையான குழாய் ஒன்றைப் பற்றவைப்பார்கள். அதற்கு நாசில் என்று பெயர், குழல்வாய் எனலாம். ஆலையின் குழாய்கள் வந்து சேருமிடம் இதுவே. துளையிட்டதால் கலன் அங்கே ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, வந்து சேரும் குழாய் தன் எடையால் அதனைத் தொங்கி இழுக்கிறது. சூடேறி நீளும்போது தள்ளுகிறது, திருகுகிறது. இந்தத் தள்ளலுக்கு எதிராக எஃகினுள் எழும் எதிர்ப்புக்கே 'தகைவு' என்று நம் பள்ளிப் பாடநூல்கள் பெயரிட்டுள்ளன. தகைதல் என்றால் தடுத்து நிறுத்துதல். பெயரிட்டவர் தமிழறிந்தவர்.

கலன்கள் வெடிப்பதை மனிதர் நெடுங்காலம் விதியென்றே எண்ணியிருந்தனர். 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் நகரத்துக் குரோவர் காலணித் தொழிற்சாலையில் பழைய கொதிகலன் ஒன்று வெடித்துக் கூரையைப் பிளந்துகொண்டு பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பற்றியதில் 58 பேர் மாண்டனர். இரண்டே ஆண்டுகளில், 1907இல், அம்மாநிலம் கொதிகலன் விதிகளை இயற்றியது. அதன் வழியில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1911இல் குழு அமைத்து, தன் கொதிகலன் விதித்தொகுப்பின் முதற்பதிப்பை 1914இல் உருவாக்கியது. இன்றுவரை உலகெங்கும் பின்பற்றப்படும் தொகுப்பு அதன் வழிவந்ததே.

ஆனால் அவ்விதிகள் பெரிதும் கவனித்தது உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தை. சுவர் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும், துளையைச் சுற்றி எவ்வளவு எஃகு ஈடு செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் வாய்பாடு உண்டு. வெளியிலிருந்து குழாய் இழுத்தால்? அச்சுமைகளையும் 'கருத்தில் கொள்க' என்றது விதி. எவ்வாறு என்று சொல்லவில்லை. சூத்திரம் இருக்கிறது, உரை இல்லை என்ற நிலை.

அந்த உரையை எழுதத் தொடங்கியவர் டச்சுப் பொறியாளரான பைலார்ட். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 1950களின் நடுவில், வளைந்த சுவரின் ஒரு சிறு பரப்பில் சுமை அழுந்தினால் அவ்விடத்தில் என்னென்ன தகைவுகள் எழும் என்று கணித்துத் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். அவை அசாதாரண உழைப்பைக் கோரும் கணிதம். வரைபலகை முன் அமர்ந்திருக்கும் சாதாரண வடிவமைப்பாளருக்கு எட்டாதவை. 1965இல் விக்மன், ஹாப்பர், மெர்ஷன் என்ற மூவர் அவற்றை வளைகோட்டு வரைபடங்களாகவும் நிரப்பும் படிவமாகவும் மாற்றினர். வெல்டிங் ரிசர்ச் கவுன்சில் என்னும் அமைப்பு அதனைத் தன் 107ஆம் வெளியீடாகக் கொணர்ந்தது. குழல்வாயைச் சுற்றி நான்கு இடங்கள்: கலனின் நீளவாக்கில் இரண்டு, சுற்றுவாக்கில் இரண்டு. ஒவ்வோரிடத்திலும் சுவரின் வெளிப்பரப்பு ஒன்று, உட்பரப்பு ஒன்று. ஆக எட்டுப் புள்ளிகள். வரைபடத்தில் அளவுகோல் வைத்து எண்ணைப் படித்து, படிவத்தில் எழுதி, குறியீடு பார்த்துக் கூட்ட வேண்டும். நம் மாணவர் நீட்டிய தாள் அந்தப் படிவத்தின் பேரப்பிள்ளை. இன்றைய மென்பொருள்கள் நொடியில் செய்வது அதே கூட்டலைத்தான். 2010இல் 537ஆம் வெளியீடு வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. வளைகோடுகளைக் கணினிக்கு ஏற்ற சமன்பாடுகளாக எழுதினர், அவ்வளவே.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 107ஆம் வெளியீடு சொல்வது கலனின் சுவரில் எழும் தகைவை மட்டுமே. குழல்வாயின் சுவரில் என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அதற்கு 1984இல் 297ஆம் வெளியீடு வரவேண்டியிருந்தது. மேலும் அதன் வளைகோடுகளுக்கு எல்லை உண்டு. மிக மெல்லிய சுவருக்கும், கலனோடு ஒப்பிட மிகப் பெரிய குழல்வாய்க்கும் அவை பேசா. தாளில் பச்சை வரி இருக்கிறதே என்று மகிழ்வோர், நூல் எதைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் பார்க்க வேண்டுமாம். 'மாம்' என்கிறோம், இது மாணவர் வாக்கு.

இனிப் பெயர்களுக்கு வருவோம். அமெரிக்க விதித்தொகுப்பில் 1963இல் அணுவுலைக் கலன்களுக்கெனத் தனிப்பகுதி வந்தது. 1968இல் பிற கலன்களுக்கும் அந்நெறி விரிந்தது. அதன் புதுமை இதுதான்: தகைவுகள் எல்லாம் ஓரினமல்ல, அவற்றை இனம் பிரித்து, இனத்துக்கேற்ப எல்லை வகுக்க வேண்டும் என்றது.

பரணில் நெல்மூட்டை இருக்கிறது. பாரம் தாங்காமல் பரண் சற்று வளைகிறது. வளைந்ததால் மூட்டையின் எடை குறைந்துவிடுமா? குறையாது. பரண் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க மூட்டை அழுத்திக்கொண்டே இருக்கும், முறியும்வரை. இது முதன்மைத் தகைவு. அழுத்தமும் எடையும் இவ்வினம். மழைக்காலத்தில் கதவு ஊறிப் பருத்து நிலையை நெருக்குகிறது. நிலைச்சட்டம் இம்மியளவு விலகிக்கொடுத்தால் போதும், நெருக்கல் தணிந்துவிடும். இது இரண்டாம்நிலைத் தகைவு. தன்னைத் தானே வரையறுத்துக்கொள்வது. குழாய் சூடேறி நீண்டு குழல்வாயைத் தள்ளுவது பெரும்பாலும் இவ்வினம். ஆகவே பரணுக்குக் கடுமையும் கதவுக்குத் தாராளமும் காட்டலாம். எஃகுக்கு அனுமதித்த தகைவை ஒன்று என்று கொண்டால், கலன் சுவர் முழுதும் பரவிய முதன்மைத் தகைவுக்கு எல்லை ஒன்று. குழல்வாய் அருகே மட்டும் தோன்றும் முதன்மைத் தகைவுக்கு ஒன்றரை. இரண்டாம்நிலையையும் சேர்த்துக் கூட்டினால் மூன்று. எடையை வெப்பம் என்று பெயர் மாற்றினால் சிவப்பு ஏன் பச்சையாகிறது என்பது இப்போது விளங்கும். மூட்டையைக் கதவு என்று எழுதிவிட்டார்கள்.

இத்தனை நுணுக்கம் தேவைதானா, சற்றுத் தடிப்பான தகட்டைப் போட்டால் தீராதா என்று கேட்கலாம். நாமும் கேட்டோம். மறுமொழியாக மாணவர் சொன்ன ஊர்ப்பெயர் பிளிக்ஸ்பரோ.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில், டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ளது பிளிக்ஸ்பரோ. அங்கிருந்த நைப்ரோ நிறுவனத்தின் ஆலை, நைலான் செய்வதற்கு வேண்டிய காப்ரோலாக்டம் என்ற வேதிப்பொருளைத் தயாரித்தது. அதன் ஒரு படியாக, எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் என்ற நீர்மம் ஆறு பெருங்கலன்களின் வழியே வரிசையாக ஓடும். நீர்மம் தானே வழிந்தோடுவதற்காக, படிக்கட்டு போல ஒவ்வொரு கலனும் முந்தையதைவிட 14 அங்குலம் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. சுமார் 155 பாகை செல்சியஸ் வெப்பம், சதுர செ.மீ.க்கு 8.8 கிலோகிராம் அளவு அழுத்தம். கலன்களை இணைத்தவை 28 அங்குலக் குழல்வாய்களும், வெப்பத்தில் கலன்கள் விரிவதற்கு இடந்தரும் மடிப்புக் குழாய்களும். இம்மடிப்புக் குழாயை ஆங்கிலத்தில் பெல்லோஸ் என்பர். கொல்லன் உலையின் துருத்திக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். நாமும் துருத்தி என்றே சொல்வோம். விரியும், சுருங்கும் என்பதை அச்சொல் உடனே உணர்த்திவிடுகிறது.

1974 மார்ச் 27 மாலை, ஐந்தாம் கலனில் கசிவு தென்பட்டது. மறுநாள் பார்த்தபோது ஏறத்தாழ ஆறடி நீள விரிசல். ஆலையை முடக்க மனமில்லை. ஐந்தாம் கலனைக் கழற்றிவிட்டு நான்கையும் ஆறையும் நேராக ஒரு மாற்றுக் குழாயால் இணைப்பது என்று முடிவாயிற்று. அவ்வேளையில் ஆலையின் தலைமைப் பராமரிப்புப் பொறியாளர் விலகிச் சென்றிருந்தார், அவ்விடம் நிரப்பப்படவில்லை. தகுதிபெற்ற இயந்திரப் பொறியாளர் ஒருவரும் அங்கில்லை.

கைவசம் கிடைத்த பெரிய குழாய் 20 அங்குலம். இரு கலன்களும் வெவ்வேறு உயரத்தில் இருந்தமையால் குழாய் நேராகச் செல்ல இயலாது; ஓரிடத்தில் மடங்கிக் கீழிறங்கி மீண்டும் நேராக வேண்டும், நாயின் பின்னங்கால் போல. பணிமனைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் ஒரு படம் வரைந்தார்கள். வேறு வரைபடம் இல்லை. அதன்மேல் வைத்துத்தான் குழாயை வெட்டி ஒட்டினார்கள். இரு முனைகளிலும் பழைய துருத்திகள். கீழே தாங்குவதற்குச் சாரம் கட்டினார்கள், வீடு கட்டும்போது கட்டுவோமே அத்தகைய சாரம்.

கணக்கே போடவில்லையா என்றால், போட்டார்கள். தேவையான நீர்மம் 20 அங்குலக் குழாயில் ஓடுமா என்று பார்த்தார்கள், ஓடும். நேரான குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்தார்கள், தாங்கும். இரண்டு விடைகளும் பிழையற்றவை. கேட்கப்படாத மூன்றாம் கேள்வியில்தான் எமன் இருந்தான்.

சாதாரணக் குழாய் ஒன்றின் முனையை அழுத்தம் தள்ளும்போது அந்தத் தள்ளலைக் குழாயின் சுவரே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். துருத்தி அப்படியன்று. நீள்வதற்கென்றே பிறந்தது; பிடித்துக்கொள்ளாது. ஆகவே அழுத்தத்தின் தள்ளல் முழுவதும் துருத்திக்கு இருபுறமும் உள்ளவற்றின்மேல் விழும். எவ்வளவு? 28 அங்குலம் என்பது சுமார் 71 செ.மீ. அதன் வட்டப் பரப்பு ஏறக்குறைய 3,960 சதுர செ.மீ. அதனை 8.8ஆல் பெருக்கினால் 35,000 கிலோ வருகிறது. துருத்தியின் மடிப்புகள் குழல்வாயைவிட அகன்றிருப்பதால் உண்மை அளவு இன்னும் கூடும். விசாரணை மன்றம் கண்ட எண் 38 டன். வேலைநாள் முழுவதும், இரவு முழுவதும், மாற்றுக் குழாயின் ஒவ்வொரு முனையையும் 38 டன் தள்ளிக்கொண்டே இருந்தது.

குழாய் நேராக இருந்திருந்தால் இரு தள்ளல்களும் ஒரே கோட்டில் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அடக்கியிருக்கும். மடங்கிய குழாயிலோ அவை வெவ்வேறு உயரத்தில் இருந்தன. எதிரெதிர்த் திசையில், ஒரே கோட்டில் அமையாமல் தள்ளும் இரு விசைகள் பொருளைச் சுழற்ற முயலும். திருகைக் கல்லை நாம் சுற்றுவது அவ்வாறே. இந்தத் திருப்புத்திறன் துருத்திகளைப் பக்கவாட்டில் அறுக்க முனைந்தது. சாரம் எடையைத் தாங்கும். குழாய் திமிறுவதைத் தடுக்காது. துருத்தி செய்தவர்களின் வழிகாட்டி நூலையும் எவரும் எடுத்துப் பார்க்கவில்லை. பொருத்திய பின் வாயுவால் சோதித்தார்கள், சதுர செ.மீ.க்கு 9 கிலோகிராம் வரை. காப்பு வால்வு திறக்கும் அளவோ 11. இடைப்பட்ட அந்த இரண்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஏப்ரல் 1 அன்று ஆலை ஓடத் தொடங்கியது. இரண்டு மாதம் ஓடியது. இதுதான் நம்மை மிகவும் கலங்கவைக்கும் பகுதி. இரண்டு மாதமும் அக்குழாயின் கீழே ஆட்கள் நடந்து சென்றனர். ஓடுகிறதே, அதைவிட வேறு சான்று வேண்டுமா என்று தோன்றியிருக்கும்.

1974 ஜூன் 1, சனிக்கிழமை, மாலை 4.53. குழாய் பிய்ந்தது. இருபுறமும் திறந்த 28 அங்குல வாய்களிலிருந்து சைக்ளோஹெக்சேன் மேகமாகப் பீறிட்டு, நெருப்பைச் சந்தித்து வெடித்தது. 28 பேர் இறந்தனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்; அவ்வறையிலிருந்து ஒருவரும் உயிருடன் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. வாரநாளாக இருந்திருந்தால் அலுவலகங்கள் நிறைந்திருக்கும். சனிக்கிழமை என்பதால் தப்பியவர் பலர்.

ரோஜர் பார்க்கர் தலைமையிலான விசாரணை மன்றம் 1975இல் அறிக்கை தந்தது. அந்நாளின் அழுத்தமும் வெப்பமும் அதற்கு முன் அக்குழாய் கண்டவற்றைவிடச் சற்றுக் கடுமையானவை, ஆனால் எதிர்பார்த்திருக்கக் கூடாத அளவு கடுமையானவையல்ல என்பது அதன் முடிவின் சாரம். 8 அங்குலக் குழாய் ஒன்றுதான் முதலில் பிளந்தது என்று வாதிட்டோரும் உண்டு; மன்றம் அதனை ஏற்கவில்லை. அப்பூசல் பல்லாண்டு நீடித்தது, நமக்குப் பாடபேதச் சண்டைகளை நினைவூட்டும் வகையில். எது முந்தியிருந்தாலும், 38 டன்னைக் கணக்கில் எடுக்காமல் குழாய் பொருத்தப்பட்டது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை.

இப்போது மீண்டும் மாணவரின் தாள். மென்பொருளில் குழல்வாய்ச் சுமைகளை உள்ளிடும் இடத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறதாம்: அழுத்தத்தின் தள்ளலைச் சேர்க்கலாமா, வேண்டாமா? ஒரு சொடுக்கு. பிளிக்ஸ்பரோவின் 38 டன் வசிப்பது அந்தக் கட்டத்தில்தான். எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது என்பதை மென்பொருள் சொல்லாது. வெளியே என்ன வகைக் குழாய், எங்கே பிடிமானம், இடையில் துருத்தி உண்டா என்பது அதற்குத் தெரியாது. அவ்வாறே, தரப்பட்ட ஒரு டன் சுமை மூட்டையா கதவா என்பதும் அதற்குத் தெரியாது. நாம் எந்தப் பத்தியில் எழுதுகிறோமோ அதனை அது நம்பும். மூத்தவரைக் குறை சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. வரைபடம் கேட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்போது மாற்றிப் போடு என்ற சொல் எளிதில் வந்துவிடும். பிளிக்ஸ்பரோவில் சுண்ணக்கட்டி பிடித்தவர்களும் தீயவர்களல்லர். ஆலையை ஓட்ட வேண்டும் என்று துடித்தவர்கள்.

"அந்தச் சுமை உண்மையில் எடையா, வெப்பமா?" என்று கேட்டோம். மாணவர் விழித்தார். குழாய்ப் பிரிவினர் ஒரே எண்ணாகத்தான் அனுப்பியிருந்தார்கள். அவர் எடை என்று எழுதியதும் ஊகம், மூத்தவர் வெப்பம் என்றதும் ஊகம்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. குழாய்ப் பிரிவினரிடம் எடையால் வருவதையும் வெப்பத்தால் வருவதையும் தனித்தனியே கேட்டு வாங்கினாராம். இரு மின்னஞ்சலும் ஒரு சிறு மனத்தாங்கலும் செலவு. பிரித்துப் பார்த்தபோது பெரும்பகுதி வெப்பந்தான். மூத்தவரின் ஊகம் பாதி சரி. ஆனால் எடையின் பங்கு மட்டுமே ஒன்றரை மடங்கு எல்லையைத் தாண்டிய குழல்வாய் ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் வெப்பம் என்று எழுதியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. அதைச் சுற்றி வலுவூட்டும் தகடு ஒன்று பற்றவைக்கச் சொல்லி வரைபடத்தைத் திருத்தி அனுப்பிவிட்டாராம். எட்டுப் புள்ளிகளின் புதிய அட்டவணையையும் இணைத்திருந்தார். அச்சிட்டு, பரிமேலழகர் உரைக்குள் அடையாளத் தாளாக வைத்திருக்கிறோம்.